சீல் மீசையும் சுப்பம்மாவின் கீரையும்

ஷாமிளாவுக்கு ஒன்றுமே புரியவில்லை. மீசை ஏன் சாய்கிறது?

அது அவளே செய்த மீசை. சீல் என்ற கடல்விலங்கு, மீன் நீந்திப்போன தடத்தைத் தன் மீசையாலேயே கண்டுபிடித்துவிடுமாம். அதைப் பார்த்து விஞ்ஞானிகள், நீருக்கடியில் வேலை செய்யும் கருவிகளுக்கும் மீசை வைக்கிறார்களாம். விஞ்ஞானப் பாடம் நடத்தும் சேர் சொன்னார். அன்றைக்கே ஷாமிளா உரப்பையிலிருந்து மெல்லிய நூல்களை உருவி, ஒரு கம்பின் நுனியில் கட்டிவிட்டாள்.

வாளித் தண்ணீரில் மீசை சும்மா இருந்தது. தேயிலைத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் பொதுத் தண்ணீர்த் தொட்டியில் விட்டால் ஒரே பக்கமாகச் சாய்ந்தது. குழாயோ மூடியிருந்தது. தொட்டியில் ஒரு தவளைகூட இல்லை.

"ஒன் மீசைக்குப் பைத்தியம்" என்றான் பக்கத்து வீட்டு தினேஷ்.

"அப்ப வாளியில மட்டும் எப்படித் தெளிஞ்சுச்சு?"

தினேஷ் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தான்.

அப்போது தொட்டிக்குக் கீழே சரிவில், சுப்பம்மா அக்காவின் தோட்டத்தில் சத்தம் கேட்டது. லயத்துத் தலைவர் நாகலிங்கம் கோபமாக நின்றார்.

"வெயில்ல எல்லார் தோட்டமும் காஞ்சு கெடக்கு. ஒங்க கீரை மட்டும் எப்படிங்க பச்சையா நிக்குது? தெனமும் தொட்டித் தண்ணி கொறையுது. நாளைக்கு எல்லாத்தையும் புடுங்கிடுவோம்."

"நான் ஒரு செம்புகூட எடுக்கலைங்க" என்றாள் அக்கா. "காலையில கொழுந்து பறிக்கப் போனா பொழுது சாயத்தான் வாறேன். இது எப்படி வளருதுன்னு எனக்கே தெரியலைங்க."

ஷாமிளாவுக்குப் பாவமாக இருந்தது. தண்ணீர் எங்கேதான் போகிறது? மீசையைச் சாய்ப்பதும் அப்படிப் போகும் தண்ணீர்தானோ?

கம்பை மறுபடியும் தொட்டியில் விட்டு, மெல்ல நகர்த்தினாள். ஒரு மூலையை நெருங்க நெருங்க, மீசை அதிகமாகச் சாய்ந்தது. அடியில் போனதும் சுவரோடு ஒட்டிக்கொண்டது.

அந்தச் சுவருக்குப் பின்னால் அக்காவின் தோட்டம்தான் இருந்தது.

கீழே ஓடிப்போய்ப் புதரை விலக்கினாள். சுவரில் ஒரு வெடிப்பு. அதன் வழியாகத் தண்ணீர் கசிந்து, நேரே கீரைப் பாத்திக்குப் போய்க்கொண்டிருந்தது.

"தலைவர் மாமா, இங்க வந்து பாருங்க."

நாகலிங்கம் குனிந்து பார்த்தார். கையை வைத்தும் பார்த்தார். அவருடைய முகம் சுருங்கிப்போனது.

"நான்தான் தப்பாப் பேசிட்டேங்க" என்றார்.

மறுநாள் வெடிப்புக்குச் சிமெந்து பூசினார்கள். தொட்டி நிறைந்ததும் ஷாமிளா மீசையை விட்டுப் பார்த்தாள். அது எந்தப் பக்கமும் சாயவில்லை.

சுப்பம்மா அக்கா அவள் கன்னத்தைத் தடவினாள். பிறகு தலைவரைப் பார்த்தாள்.

"ஓட்டைய அடைச்சிட்டீங்க, நல்லதுங்க. இனிமே என் கீரைக்கு யாரு தண்ணி ஊத்துறது?"

நாகலிங்கம் வாளியை எடுத்துக்கொண்டு ஓடைப் பக்கம் நடந்தார்.