பின்பக்கமாக எறிந்தது

கடலைக் கண்டதும் போண்டா வாலை ஆட்டியது. கிச்சா செத்துப்போன நாளிலிருந்து ஒரு வாய் சோறு தின்னாமல், அவன் செருப்பின்மேல் முகத்தைப் போட்டுக்கொண்டு கிடந்த நாய், இப்போது பரத்வாஜின் கையிலிருந்த அஸ்திக் கலயத்தைப் பார்த்துத் துள்ளிக் குதித்தது. பரத்வாஜுக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

நாயை அழைத்து வந்ததே தப்பு. ஆனால் புறப்படும்போது அவனுடைய ஐந்து வயது மகள் சாரு வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "போண்டாவையும் அழைச்சுண்டு போப்பா. அவன் சித்தப்பாவைத் தேடறான்" என்றாள். அவளைத் தூக்கித் தலைக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றாமல் கிச்சா ஒரு நாளும் ஆபீசுக்குப் போனதில்லை. தம்பியைப் பறிகொடுத்தவனுக்கு அவளை மறுத்துப் பேசத் தெம்பில்லை.

பாலவாக்கம் கடற்கரையில் காலையிலேயே மணல் பொரிந்துகொண்டிருந்தது. கருவாட்டு வாடையும், எங்கேயோ காயும் வலையின் பாசி வாடையும், உப்புக் காற்றும் கலந்து தொண்டையில் ஒட்டின. கத்திரி வெயிலுக்குப் பயந்து படகுகளின் நிழலில்கூட ஒரு ஈ காக்கை இல்லை.

"அலைக்கு முதுகைக் காட்டிண்டு நில்லுங்கோ" என்றார் வாத்தியார். "தலைக்கு மேலாலே பின்பக்கமாப் போட்டுட்டுத் திரும்பியே பாக்காம நடையைக் கட்டுங்கோ. பாத்தா போறவா போகமாட்டா, கூடவே ஆத்துக்கு வந்துடுவா. ஆத்துல குழந்தை இருக்கு, ஞாபகம் இருக்கட்டும்."

அடுத்த இடத்துக்கு நேரமாகிவிட்டது என்று அவர் ஸ்கூட்டரை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போய்விட்டார்.

முழங்கால் தண்ணீரில் கரையைப் பார்த்து நின்று, பரத்வாஜ் கலயத்தைப் பின்னால் எறிந்தான். தொப்பென்று ஒரு சத்தம். உடனே இன்னொரு தொப். போண்டாவும் குதித்துவிட்டது.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் கிச்சா இதே கரையில், இதே மாதிரி கடலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, தேங்காய் மட்டையைத் தலைக்கு மேலாகப் பின்னால் வீசுவான். போண்டா நீந்திப்போய்க் கவ்விக்கொண்டு வரும். எதை எறிந்தாலும் கொண்டுவந்துவிடும். வெறும் வாயோடு அது திரும்பியதே கிடையாது. அதில் கிச்சாவுக்கு அத்தனை பெருமை.

"போண்டா! வேண்டாம்டா! வந்துடு!" என்று பரத்வாஜ் கரையைப் பார்த்தபடியே கத்தினான். திரும்பினால் ஒரே எட்டில் பிடித்துவிடலாம். திரும்பக் கூடாது. சாருவை நினைத்துக்கொண்டு நடந்தான்.

வெயில் முதுகில் அடிக்க, அவன் நிழல் அவனுக்கு முன்னால் போயிற்று. கொஞ்ச தூரத்தில் பின்னால் மூச்சிரைப்பு கேட்டது. நாயின் நிழல் பக்கத்தில் வந்து சேர்ந்தது. போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது அவனுக்கு.

அப்புறம் இன்னொரு நிழல் நீண்டது.

அது கையை நீட்டி நாயின் தலையைத் தடவியது. இடது கை. கிச்சா இடது கைப் பழக்கக்காரன்.

பரத்வாஜ் ஓடினான். ரோட்டில் வந்த ஆட்டோவில் ஏறி விழுந்தான். போண்டாவும் தாவி அவன் காலடியில் உட்கார்ந்தது. அதன் வாயில் கலயத்தைக் கட்டியிருந்த துணி. பிடுங்கப் பார்த்தான். உறுமியது. கொளுத்தும் வெயிலில் அவன் பற்கள் தந்தியடித்தன.

அடையாறு பாலத்தில் டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். "இன்னா சார், நீ இந்தாண்ட குந்திக்கினு கீற, நாய் கீழ கீது. அந்தாண்ட சீட்டு ஏன் சார் சொட்டச் சொட்ட நனையுது?"

பரத்வாஜ் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. இதை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. எங்கே வேண்டுமானாலும் போகட்டும், வீட்டுக்கு வேண்டாம்.

"நிறுத்துப்பா! நிறுத்து!"

வண்டி நின்றதும் போண்டா வெளியே பாய்ந்தது. துணியோடு ராஜா அண்ணாமலைபுரம் பக்கமாக ஓடியது. அதற்கு வழி தெரியும். சுடுகிற தாரில் நாயின் ஈரத் தடங்கள். பக்கத்தில் வெறுங்கால் தடங்கள். அவன் துரத்தத் துரத்தக் காய்ந்து மறைந்தன.

"சாரு! உள்ளே போ! கதவைச் சாத்து!" தெருமுனையிலிருந்தே கத்தினான். அவளுக்கு எட்டவில்லை.

சாரு கேட்டில் நின்றிருந்தாள். போண்டா துணியை அவள் காலடியில் போட்டது.

"கொண்டுவந்துட்டியாடா!" என்று சிரித்தாள். யாருமில்லாத இடத்தைப் பார்த்து இரண்டு கைகளையும் உயரத் தூக்கினாள்.

அவள் கால்கள் தரையை விட்டு எழும்பின. அவள் கவுனில், அக்குளுக்குக் கீழே, சாம்பலில் இரண்டு கைத்தடம். தலைக்கு மேலே ஒரு சுற்று. இன்னொரு சுற்று. வேகமாக. இன்னும் வேகமாக.

அவள் சிரிப்பு நின்றுவிட்டது. சுற்றுவது நிற்கவில்லை. போண்டா வாலை ஆட்டிக்கொண்டே இருந்தது.