வெறுந்தாள்

பெனிட்டா மூன்றாவது முறையாக 3140 என்று அடித்தாள். அலுவலக மென்பொருள் நிறைவி மூன்றாவது முறையாக அதை 1340 ஆக்கியது.

‘தட்டச்சுப் பிழை திருத்தப்பட்டது’ என்று திரையின் ஓரத்தில் பச்சை எழுத்துகள் தோன்றின. பக்கத்தில் ஒரு சிறிய பூ.

வெள்ளிமுனை நகராட்சியில் நீர்ப் பரிசோதகராகச் சேர்ந்து அவளுக்கு எட்டு மாதம் ஆகியிருந்தது. ஒன்பதாம் வார்டுக் கிணற்றில் கடல் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு லிட்டர் தண்ணீரில் 3140 மில்லிகிராம் உப்பு. இரண்டு கருவிகளில் அவளே அளந்தது. 2000-ஐத் தாண்டிவிட்டால் அந்த வார்டுக்கு, கடல்நீரைக் குடிநீராக்கித் தரும் கடல்நன்னீர்க் குழாய் கொடுத்தாக வேண்டும் என்பது விதி. ஆனால் அந்தக் கிணறு இருபது ஆண்டுகளாக 1300-க்கும் 1400-க்கும் இடையில்தான் இருந்திருக்கிறது. நிறைவிக்கு அது தெரியும். இருபது ஆண்டுக் கிணறு திடீரென்று மாறாது. எட்டு மாத ஊழியருக்குக் கை தவறலாம். நிறைவி அப்படித்தான் யோசித்தது.

நாட்டில் எந்த அலுவலகத்திலும் இப்போது யாரும் கடிதம் எழுதுவதில்லை. முதல் இரண்டு சொற்கள் போதும், மீதியை நிறைவி எழுதிவிடும். அட்டவணையை நிரப்பும், கூட்டும், வரைபடம் போடும், உரிய இடத்துக்கு அனுப்பும். உரிய இடத்திலும் நிறைவிதான் இருக்கும். அது படித்துப் பதில் எழுதும். அந்தப் பதிலை இங்குள்ள நிறைவி படித்துக் கோப்பில் வைக்கும். பள்ளிப் பிள்ளைகளின் விடுப்புக் கடிதமும் அதில்தான். ‘கா’ என்று அடித்தாலே காய்ச்சல் வந்துவிடும். வயிற்றுவலிக்காரர்களும் காய்ச்சலில்தான் விடுப்பு எடுத்தார்கள்.

பெனிட்டா தலைநகருக்குத் தொலைபேசியில் சொல்லிப் பார்த்தாள். எடுத்ததும் நிறைவிதான். “1340 என்று குறித்துக்கொண்டேன், நன்றி” என்றது.

அவள் யாரிடமும் உரக்கப் பேசுகிறவள் இல்லை. அளப்பது, எழுதுவது, கருவியைக் கழுவி வைப்பது. அதற்கு மேல் என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தபோது, அலுவலக மேலாளர் சுயம்புலிங்கம் ஒரு தாளோடு வந்தார்.

“தாயி, இதுல ஒரு கையெழுத்துப் போடு.”

“என்ன சார் இது?”

“நிறைவிய அஞ்சு வருசத்துக்குப் புதுப்பிக்கணும்லா. அதுக்கு முந்தி மூணு மாற்று மென்பொருள ஆராயணும்னு சட்டம். குழுவுல நான் ஒரு ஆளு. அறிவியல் படிச்ச ஆளு ஒண்ணு வேணும், அது நீ. செயலாளர் நிறைவி.”

“நிறைவியேவா?”

“பின்ன? கூட்டக் குறிப்பு யாரு எழுதுவா?”

அறிக்கை தயாராக இருந்தது. மூன்று மாற்றுகளும் விரிவாக ஆராயப்பட்டன என்றும், நிறைவியே சிறந்தது என்று குழு ஒருமனதாக முடிவு செய்தது என்றும் அதில் கண்டிருந்தது.

“எப்ப சார் ஆராய்ஞ்சோம்?”

“போன தடவ ஆராய்ஞ்சதுதான். தேதிய மட்டும் மாத்தியிருக்கு.”

“போன தடவ எப்படி ஆராய்ஞ்சீங்க?”

“அதுக்கு முந்தின தடவ ஆராய்ஞ்சத வச்சு.”

பெனிட்டா தாளைப் பார்த்தாள். பிறகு, மேசையைப் பார்த்தபடியே கேட்டாள். “நான் ஆராய்ஞ்சிட்டுப் போடட்டுமா சார்?”

அலமாரி வாய் திறந்து பேசியதைப் போல சுயம்புலிங்கம் அவளைப் பார்த்தார். “வெள்ளிக்கிழம வரைக்கும்தான் நேரம், பாத்துக்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவளுக்கு மென்பொருள் பற்றி அதிகம் தெரியாது. சோதனை எப்படிச் செய்வது என்று தெரியும். ஒவ்வொன்றிலும் 3140 என்று எழுத வேண்டும். சேமிக்க வேண்டும். மூடித் திறக்க வேண்டும். என்ன மிஞ்சியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

முதலாவது, விரைவி. நிறைவியைவிட வேகமானது என்று விளம்பரம். அவள் திறந்ததுமே அறிக்கை முடிந்திருந்தது. அவள் எதையும் அடிக்கவில்லை. 1340.

இரண்டாவது, பன்மை. அழகான ஊதா நிறம். எண்ணை அடித்து மூடித் திறந்தபோது ஓரத்தில் அதே பூ வந்தது, ஊதாவில். நிறைவி அந்த நிறுவனத்தை எப்போதோ வாங்கியிருந்தது. 1340.

மூன்றாவது, வெறுந்தாள். ஒரு பாலிடெக்னிக்கின் ஐந்து ஆசிரியர்கள் ஓய்வு நேரத்தில் செய்து இலவசமாக வைத்திருந்தார்கள். சுயம்புலிங்கமும் வந்து பின்னால் நின்றார். திரையில் வெள்ளைப் பக்கம் வந்தது. மேலே ஒரு கோடு விட்டுவிட்டு மின்னியது. ஒரு நிமிடம் போனது.

“இன்னும் லோடு ஆகுதா?”

“இல்ல சார். இவ்வளவுதான்.”

“என்னது, இவ்வளவுதானா? இது என்ன செய்யும்?”

“நாம எழுதுனத வச்சுக்கும்.”

அவள் அடித்தாள், சேமித்தாள், மூடினாள், திறந்தாள். 3140. தன் எண்ணைத் திரையில் முழுதாகப் பார்த்த பெனிட்டா இன்னொரு முறை மூடித் திறந்தாள், அப்போதும் 3140.

சுயம்புலிங்கத்துக்கு வேறு கவலை. “இது சரிப்படாது தாயி. நாளைக்கே எல்லாரும் உக்காந்து எழுதணும்பியா? நான் கடைசியா எழுதுனது எம் பொண்டாட்டிக்கு. கல்யாணத்துக்கு முந்தி. அதுக்கும் பதில் வரல.”

குழுவில் மூன்று வாக்கு. நிறைவி நிறைவிக்குத்தான் போடும். பெனிட்டா வெறுந்தாளுக்கு. மிச்சம் இருந்தது இவருடையது. அந்த ஒரு வாக்கில்தான் ஒன்பதாம் வார்டின் முந்நூறு வீடுகள் இருந்தன.

வெள்ளிக்கிழமை காலை அவள் ஒன்பதாம் வார்டுக்குப் போனாள். செல்லக்கனியின் டீக்கடையில் கூட்டம் இல்லை. பெஞ்சில் ஒரு நாய் படுத்திருந்தது.

“வா பிள்ள. திரும்பவும் தண்ணி மோக்க வந்தியா? மோந்து மோந்து என்னத்தக் கண்ட?” என்றாள் செல்லக்கனி. “லாரித் தண்ணி வார அன்னைக்கு மட்டுந்தான் கட. மத்த நாளு பாலு திரிஞ்சு திரிஞ்சு போவுது. சனம் என் கைராசின்னு பேசுது.”

“அக்கா, கிணத்துத் தண்ணியில ஒரு டீ போட்டுத் தாங்க. பார்சல்.”

“கிறுக்கா ஒனக்கு?”

“எனக்கில்லக்கா. எங்க மேலாளருக்கு.”

செல்லக்கனி சிரித்துக்கொண்டே அடுப்பைப் பற்றவைத்தாள். “அப்பம் சீனியப் போடுதேன். ஆபீசருக்குல்லா.”

பதினோரு மணிக்குக் குழு கூடியது. சுயம்புலிங்கம் ஒரு நாளைக்கு ஆறு டீ குடிக்கிறவர். பெனிட்டா பிளாஸ்கிலிருந்து ஊற்றி வைத்ததும் எடுத்து வாயில் வைத்தார். முகம் கோணியது. டம்ளருக்குள் பார்த்தார். வெள்ளைத் திப்பிகள் மிதந்தன.

“என்ன தாயி இது!”

“3140, சார்.”

அவர் இன்னொரு வாய் குடித்தார், நம்பிக்கை இல்லாதவர்போல. திரையில் நிறைவி கூட்டக் குறிப்பைத் தொடங்கியிருந்தது. அவள் சொன்ன எண் அதில் ‘ஒன்பதாம் வார்டு நீர் 1340, ஏற்கத்தக்கது’ என்று ஓடியது.

சுயம்புலிங்கம் டம்ளரையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஏம்மா, இது 1340-ன்னு எழுதிட்டா பாலு திரியாதோ?”

டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு, “அந்தப் பேனாவ எடு” என்றார்.

கூட்டக் குறிப்பைத் தாளில் கையால் எழுதினார்கள். இரண்டுக்கு ஒன்று. நிறைவி தன் திரையில் ‘ஒருமனதாக’ என்று எழுதிக்கொண்டிருந்தது. நகராட்சி ஆணையர் அந்தத் தாளில் கையெழுத்திட்டார். மையில் எழுதிய குறிப்பை அவர் பார்த்ததே இல்லை. ஏதோ முக்கியமானது என்று நினைத்துக்கொண்டார்.

அன்று மாலை பெனிட்டா வெறுந்தாளில் முதல் கடிதத்தைத் தொடங்கினாள். ‘மதிப்பிற்குரிய’ என்று அடித்துவிட்டுப் பழக்கத்தில் காத்திருந்தாள். கோடு மின்னியது. எதுவும் வரவில்லை. கல்லூரி முடித்தவள், ஒரு முழு வாக்கியத்தைத் தானே எழுதிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. நான்கு தடவை அழித்தாள். ஐந்தாவது தடவை, தெரிந்ததை மட்டும் எழுதினாள்.

‘வெள்ளிமுனை ஒன்பதாம் வார்டுக் கிணற்று நீரில் லிட்டருக்கு 3140 மில்லிகிராம் உப்பு உள்ளது. நானே அளந்தேன். இந்தத் தண்ணீரில் தேநீர் போட்டால் பால் திரிந்துவிடுகிறது. வந்து குடித்துப் பாருங்கள். ச. பெனிட்டா, நீர்ப் பரிசோதகர்.’

சுயம்புலிங்கம் படித்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு, இரண்டு விரலால் அடியில் ஒரு வரி சேர்த்தார்.

‘நானும் குடித்தேன். பா. சுயம்புலிங்கம், மேலாளர்.’

தலைநகரில் இருந்த நிறைவியால் அந்த வெறுந்தாள் கோப்பைத் திறக்க முடியவில்லை. நிறைவியால் திறக்க முடியாத எதையும், மனிதர் ஒருவர் படிக்கும் ‘மனிதத் தட்டு’க்கு அனுப்ப வேண்டும் என்று மிகப் பழைய விதி ஒன்று இருந்தது. அந்தத் தட்டுக்கு ஓர் அலுவலரும் இருந்தார். ஹசீனா பேகம். பதினோரு ஆண்டுகளாக அவர் தட்டில் எதுவும் விழவில்லை. ஜன்னலில் ஐந்து தொட்டிச் செடிகள் வைத்து வளர்த்திருந்தார்.

திங்கட்கிழமை வெள்ளிமுனையில் தொலைபேசி அடித்தது.

“பெனிட்டாங்களா? இந்தக் கடிதம் நீங்க எழுதினதா?”

“ஆமா மேடம்.”

“நீங்களேவா?”

“ஆமா மேடம். ஏதாச்சும் தப்பா இருக்கா?”

“இல்லம்மா. நாலு தடவ படிச்சேன். நாளைக்கு வரேன், டீ ரெடியா இருக்கட்டும்.”

ஹசீனா வந்தார். குடித்தார். துப்பினார். நாற்பத்தோராம் நாள் கடல்நன்னீர்க் குழாய் ஒன்பதாம் வார்டுக்குள் நுழைந்தது.

குழாயைத் திறந்த அன்று செல்லக்கனி கடை முன் வார்டே நின்றது. அவள் முதல் பாத்திரத்தை ஏற்றி, பாலை ஊற்றி, உற்றுப் பார்த்தாள். எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள்.

“திரியல!” என்று கத்தினாள்.

யாரோ விசிலடித்தார்கள். நாய் பெஞ்சிலிருந்து குதித்து ஓடியது. சுயம்புலிங்கம் மூன்று டம்ளர் குடித்தார். செல்லக்கனி பெனிட்டாவை இழுத்துக் கூட்டத்துக்கு நடுவில் நிறுத்தி, “இந்தப் பிள்ளதான்! வாயே தொறக்காது, ஆனா வேலையப் பாத்தீயளா?” என்றாள். பெனிட்டா டம்ளருக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாள். அது அவள் வாழ்க்கையில் மிக நல்ல தேநீர்.

செய்தி பரவியது. மூன்று மாதத்துக்குள் இருநூற்றுப் பன்னிரண்டு நகராட்சிகள் நிறைவியை விட்டுவிட்டு வெறுந்தாளுக்கு மாறின. பாலிடெக்னிக் ஆசிரியர்களுக்கு மாலை போட்டார்கள்.

பிறகு ஒரு நாள் ஹசீனா மீண்டும் அழைத்தார். குரலில் களைப்பு.

“பெனிட்டா, என் மேசையில இருநூத்துச் சொச்சம் கடிதம் இருக்கு. எல்லா ஊர்லயும் பால் திரியுதாம்.”

“எல்லா ஊர்லயுமா?”

“மலைமேல ஒரு ஊரு. அவங்களுக்குத் தெருவிளக்கு வேணும். ‘இந்தத் தண்ணீரில் தேநீர் போட்டால் பால் திரிந்துவிடுகிறது’ன்னு எழுதியிருக்காங்க. இன்னொருத்தருக்குப் பள்ளிக்கூடத்துக்குக் கூரை. அங்கயும் பால் திரியுது. ஏழு ஊர்ல உங்க மேலாளர் பேரக்கூட மாத்தல. ‘நானும் குடித்தேன், பா. சுயம்புலிங்கம்.’ அவர் இவ்வளவு ஊருக்கா போய்க் குடிச்சாரு?”

பெனிட்டா திரும்பிப் பார்த்தாள். சுயம்புலிங்கம் மேசையில் எதையோ தேடுவதுபோலக் குனிந்தார். “கேட்டாங்க, அனுப்புனேன். நல்ல கடிதம்லா” என்று முணுமுணுத்தார்.

“இதுல ஒரு ஊர்லயாவது நிஜமாவே திரியும் இல்லையா?” என்றார் ஹசீனா. “அத எப்படிம்மா கண்டுபிடிப்பேன்?”

பெனிட்டா யோசித்தாள். இப்போது அவளுக்குப் பேசுவது முன்பு போல அவ்வளவு கடினமாக இல்லை. “கடிதத்தோட ஒரு புட்டி தண்ணி அனுப்பச் சொல்லுங்க மேடம். நான் அளந்து சொல்றேன்.”

உத்தரவு போனது. புட்டிகள் வந்தன. முதல் வாரத்தில் அளந்த முப்பதில் இருபத்தொன்பது நல்ல தண்ணீர். ஒன்றில் 3620. அதனோடு இருந்த கடிதத்தில் தேநீர் பற்றி எதுவும் இல்லை. ‘எங்களுக்குக் கடிதம் எழுத வரவில்லை. தண்ணீரை அனுப்பியிருக்கிறோம்’ என்று மட்டும் இருந்தது. பெனிட்டா அந்த எண்ணைச் சிவப்பில் வட்டமிட்டு உடனே ஹசீனாவிடம் சொன்னாள். அன்று முழுக்க அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

அடுத்த வாரம் அவள் பெயருக்கே நேராக ஒரு கடிதம் வந்தது. அந்த மலையூர் நகராட்சியிலிருந்து.

‘எங்கள் மலையூர்த் தண்ணீரில் பால் திரிய மறுக்கிறது. ஆகவே தங்கள் ஒன்பதாம் வார்டின் பழைய உப்புத் தண்ணீரில் இரண்டு புட்டி அனுப்பி உதவுமாறு கேட்டுக்கொள்கிறோம்.’

அதே கோரிக்கையோடு பின்னாலேயே மேலும் ஒன்பது கடிதங்கள் வந்தன. ஒன்பதிலும் ‘எங்கள் மலையூர்’ என்றே இருந்தது. அவற்றில் இரண்டு, கடற்கரை ஊர்களிலிருந்து வந்தவை.

மலையூருக்குப் பதில் எழுத பெனிட்டா ஒரு புதிய பக்கத்தைத் திறந்தாள். கோடு மின்னியது. இந்த முறை அவள் காத்திருக்கவில்லை.

‘வருந்துகிறோம். எங்கள் ஊரில் உப்புத் தண்ணீர் தீர்ந்துவிட்டது. உங்களுக்கு வேண்டியது தெருவிளக்கு. இருட்டாக இருக்கிறது என்று எழுதுங்கள்.’

சுயம்புலிங்கம் தோளுக்குப் பின்னால் நின்று மெதுவாகப் படித்தார். முகம் மலர்ந்தது.

“அருமையா இருக்கு தாயி. இத எடுத்து வச்சுக்கிடுதேன். இனிமே யாருக்குன்னாலும் தேதிய மட்டும் மாத்துனாப் போதும்.”