நாலாவது குச்சி

செத்துப் போனவரின் கையில் கடிகாரம் மட்டும் உயிரோடு இருந்தது.

டிக்... டிக்... டிக்...

பின்மண்டையில் ரத்தம். பக்கத்தில் பித்தளைப் பூச்சாடி. பழைய கடிகாரங்களைத் தேடித் தேடிச் சேர்த்த பெரியவர், தன் நேரம் முடிந்தது தெரியாமல் நேரத்தை இறுகப் பிடித்துக்கொண்டு கிடந்தார்.

"காலைல இதைக் கொண்டு வந்து குடுத்தது நீதானே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நான்தான் சார்."

லென்ஸ். கடிகார ரிப்பேர்காரன். ஒரு கண்ணில் எப்போதும் பூதக்கண்ணாடி தொங்குவதால் பெற்ற தாயே அவனை அப்படித்தான் கூப்பிடுவாள்.

"ஒரு வாரமா கடையில இருந்த வாட்ச் சார். நேத்து ஆயில் போட்டு முடிச்சேன். தங்கச்சி பெட்டியில வச்சு ரிப்பன் கட்டிக் குடுத்தா. அப்படியே குடுத்துட்டு, ஸ்பேர் வாங்கப் போயிட்டேன்."

"பாத்துச் சொல்லு. ஒரிஜினல்தானா?"

லென்ஸ் வாங்கினான். பெண்டாட்டியைக்கூட அவன் இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. ஒரு வாரம் கையில் இருந்த வாட்ச், ஒவ்வொரு அங்கமும் மனப்பாடம். தங்க மூடியில் முடி இழைபோல் சுழன்று ஓடும் கோடுகள். உள்ளே பதமாகச் சூடேற்றி நீலமாக்கிய திருகுகள். யாரும் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தும் பற்சக்கரத்தின் அடிப்பக்கத்தைக்கூட மெருகேற்றி வைத்திருந்தான் எவனோ ஒரு புண்ணியவான். பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தினால் எத்தனை மணியோ அத்தனை 'டிங்' அடிக்கும். வெள்ளிக் கரண்டி கண்ணாடியில் பட்டதுபோல!

அழுத்தினான்.

ஊமை!

அவசரமாக மூடியைத் திறந்தான். ரோமன் எண்கள். ஒன்று... இரண்டு... மூன்று...

நான்கு!



"சார்... இது டூப்ளிகேட்!"

"எப்படிச் சொல்றே?"

"இந்த மாதிரி பழைய வாட்ச்ல நாலுக்கு நாலு குச்சி வரிசையா நிக்கும் சார். இதுல ஒரு குச்சி, பக்கத்துல ஒரு 'வி'. ஸ்கூல்ல சொல்லிக் குடுத்த மாதிரி!"

"ஆக, பெரியவர் கண்டுபிடிச்சிட்டார். உன் கடைக்கு போன் போட்டிருக்கார். நீ ஓடி வந்து கதையை முடிச்சிட்டே!"

"அந்த போனை நான் எடுக்கவே இல்ல சார்!"

"அப்ப வாட்சா எடுத்துச்சு?"

கைவிலங்கு குலுங்கியது.

கடையில் மொத்தமே மூன்று பேர். இவன். கல்லாவில் தங்கை. கடிகார முகப்புக்கு எனாமல் பூசி எண் எழுதும் தங்கை புருஷன். அவனுக்குப் பட்டப்பெயர் 'திருத்தம்'. தன் கல்யாண மேடையிலிருந்தே இறங்கிப் போய், பேனரில் இருந்த 'மனமக்கள்' என்பதை 'மணமக்கள்' ஆக்கிவிட்டு வந்தவன்!

வாயைத் திறந்தால் தங்கை வாழ்க்கை போச்சு. மூடினால் இவன் கழுத்து போச்சு.

"சார்... என் மாப்பிள்ளையைக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க."

வந்தான் திருத்தம். வந்ததும் வராததுமாகச் சுவரில் கோணலாக இருந்த படத்தை நிமிர்த்தினான்.

"மாப்பிள்ளை, பெரியவர் வாட்சை நீங்க தொட்டீங்களா?"

"பாத்ததுகூட இல்ல மச்சான்."

லென்ஸ் கடிகாரத்தை நீட்டினான். "இதுல நாலு தப்பா இருக்கு பாருங்க."

"தப்பா?" திருத்தத்தின் மூக்கு விடைத்தது. "இதுதான் மச்சான் சரி! அதுல எவனோ விவரங்கெட்டவன் நாலு குச்சியை நட்டு வச்சிருந்தான். நான்தான்..."

நாக்கைக் கடித்துக்கொண்டான்.

லேட்!

எழுத்தைத் திருத்தப் போய்த் தலையெழுத்து மாறிவிட்டது.

"ஒரே தட்டுல சாப்பிட்டோமேடா!" லென்ஸின் குரல் உடைந்தது. "என் கையாலேயே டூப்ளிகேட்டைக் குடுக்க வச்சிட்டியேடா!"

"மாத்தினது நான்தான். அதுக்கு மேல எதுவும் கேக்காதீங்க மச்சான்."

லென்ஸின் செல்போன் அலறியது.

தங்கை!

இன்ஸ்பெக்டர் ஸ்பீக்கரைத் தட்டினார்.

"அண்ணா..." விம்மல். "அவரைப் பிடிச்சிட்டாங்கல்ல? பாவம் பாத்து அவருக்காக ஒண்ணும் பேசிடாதே. தப்பு செஞ்சவர் அனுபவிக்கட்டும். நான் கொஞ்ச நாள் வெளியூர் போறேன். இரு, டிக்கெட்டைப் பையில எங்க வச்சேன்..."

டிங்!

டிங்!

டிங்!

வெள்ளிக் கரண்டி... கண்ணாடி...

லைன் செத்தது.

லென்ஸ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். ரிப்பன் கட்டிய கை. கல்லாவில் உட்கார்ந்து கடை போனை எடுக்கிற கை. ரோடு தாண்டும்போதெல்லாம் இவன் விரலை விடாமல் பிடித்து வளர்ந்த கை!

நிமிர்ந்து திருத்தத்தைப் பார்த்தான். அவன் கண்ணும் கலங்கியிருந்தது. அவனுக்கும் இப்போதுதான் நாலாவது குச்சி இறங்கியிருந்தது... நெஞ்சில்!

"என்னய்யா ரிங்டோன் அது?" என்று முணுமுணுத்த இன்ஸ்பெக்டர், வாக்கி டாக்கியை எடுத்தார். "கொலைகாரன் சிக்கிட்டான். வண்டியை அனுப்புங்க."

லென்ஸ் வாயைத் திறக்கவில்லை. தங்கை ஆயிற்றே!

திருத்தமும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். மனைவி ஆயிற்றே!

ஒரு நொடி... இரண்டு நொடி... உதடு துடித்தது.

முடியவில்லை!

"சார்... நீங்க சொன்னதுல ஒரு சின்னப் பிழை."

"என்ன?"

"'காரன்' இல்ல சார்... 'காரி'!"