பல்லிக்கூடம்

பேர்பெற்ற வயலின் வித்வான் ஒருவர், அறுபத்திரண்டு வயதில் வில்லை வைத்துவிட்டுத் தூரிகையைக் கையில் எடுத்தார். அதோடு அந்த வீட்டின் நிம்மதி போயிற்று.

பூவும் பழமும் வரைந்திருந்தால் யாரும் வாயைத் திறந்திருக்க மாட்டார்கள். அவர் வரைந்ததோ வேறு. ஒரு படத்தில் ராட்சதப் பல்லி ஒன்று வாயைப் பிளந்துகொண்டு நின்றது. அதன் வயிற்றுக்குள் பெஞ்சுகளும் கரும்பலகையும் இருந்தன. புத்தகப் பையோடு ஒரு சிறுமி அதன் நாக்கில் ஏறி உள்ளே போய்க்கொண்டிருந்தாள்.

அந்தச் சிறுமி எறும்பு. ஓரிடத்தில் நிற்காததால் வீட்டில் வைத்த பெயர் அது. வித்வான் அவளுடைய பெரியப்பா.

“என்னை ஏன் பல்லிக்குத் தின்னக் குடுத்தீங்க, பெரியப்பா?”

“ஆமா, ஆமா” என்றார் அவர், வண்ணத்தைக் குழைத்தபடி.

எதைக் கேட்டாலும் இப்போது இதே பதில்தான்.

அடுத்த படம்தான் வினையானது. அதில் அப்பாவின் தலை. ஒரு காது வழியாக நுழைந்த சாலை மறு காது வழியாக வெளியே போயிற்று. நடுவில் இரண்டு பஸ்கள். வீட்டுக்கு வந்த அப்பாவின் மேலதிகாரி அதை உற்றுப் பார்த்தார்.

“உங்க தலையா சார்? உள்ளே நெரிசல் ஜாஸ்தி போலிருக்கே!”

அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அப்பா சிரிக்கவில்லை.

“நாலு தலைமுறையா நம்ம வீட்டைப் பார்த்து ஒருத்தன் சிரிச்சதில்லை” என்றார் அம்மாவிடம். “அண்ணனுக்குப் புத்தி பிசகிடுச்சு. மனநோயாளிகள் இல்லத்துல பேசிட்டேன். வெள்ளிக்கிழமை காலையில வண்டி வருது.”

“அங்கே போனவங்க யாராவது திரும்பி வந்திருக்காங்களா?” என்று கேட்டாள் அம்மா.

அப்பா செய்தித்தாளை விரித்துக்கொண்டார். கதவோரம் நின்ற எறும்பு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை மத்தியானம் வானம் இருண்டது. “மழை வருது! துணியை எடுங்க!” என்று அம்மா கத்தினாள். எறும்பு மாடிக்கு ஓடினாள். பெரியப்பாவோ ஜன்னலை ஒரு பார்வை பார்த்துவிட்டு வரைய உட்கார்ந்தார்.

அவள் துணிகளோடு இறங்கி வந்தபோது தாளில் ஒரு மலை முளைத்திருந்தது. அதற்கு இரண்டு கால்கள். ஈரத் துணிகளைத் தோளில் போட்டுக்கொண்டு அது வாசற்படி ஏறிக்கொண்டிருந்தது.

மழை. மலை.

எறும்பு பல்லிப் படத்திடம் ஓடினாள். அன்று அவள் என்ன சொன்னாள்? ‘பள்ளிக்கூடம் போயிட்டு வரேன், பெரியப்பா!’ அவர் காதில் விழுந்தது பல்லிக்கூடம்!

மெல்ல அவர் முதுகுப் பக்கம் போய், பலமாகக் கை தட்டினாள். அவர் திரும்பவில்லை.

நோட்டில் எழுதி நீட்டினாள்: ‘உங்களுக்குக் காது கேக்கலையா?’

பெரியப்பாவின் முகம் சுண்டிப்போயிற்று. எழுந்து கதவைச் சாத்தினார்.

“பாதிப் பாதி வார்த்தைதான் விழுது. அதுவும் போயிடும்னு டாக்டர் சொல்லிட்டார். மலை வருதுன்னு கேட்டா, மலையையே வரவெச்சுடறேன்.”

‘நாளைக்கு உங்களைக் கூட்டிட்டுப் போகப் போறாங்க’ என்று எழுதினாள். ‘அப்பாகிட்ட சொல்லிடலாம்.’

“தெரியும், பெட்டி கட்டறதைப் பார்த்தேன். ஆனா சொல்லக் கூடாது! ஒரு இழை சுருதி விலகினாலும் கண்டுபிடிச்சவன் நான். பைத்தியம்னு சொன்னாச் சொல்லட்டும். செவிடன்னு பேர் வாங்க மாட்டேன். யார்கிட்டயும் வாயைத் திறக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணு.”

அவர் கையை நீட்டினார். எறும்பு சத்தியம் செய்தாள். கொடுத்த வாக்கை மீறுகிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை வாசலில் வண்டி நின்றது. பெட்டியை எடுக்கக் கூடத்துக்கு வந்த அப்பா அப்படியே நின்றார். ஒவ்வொரு படத்தின் கீழும் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தது.

பல்லிக்குக் கீழே: ‘எறும்பு சொன்னது – பள்ளிக்கூடம்.’

மலைக்குக் கீழே: ‘அம்மா சொன்னது – மழை வருது.’

அவருடைய தலைக்குக் கீழே: ‘அப்பா சொன்னது – தலைவலி.’

“என்னடி இது?”

எறும்பு உதடுகளை இறுக மூடிக்கொண்டு படத்தைக் காட்டினாள்.

“தலைவலி... தலை வழி...” அப்பா இரண்டு முறை முணுமுணுத்தார். மலையைப் பார்த்தார். பல்லியைப் பார்த்தார். அவர் கை தானாகக் காதுக்குப் போயிற்று.

“சார், ஆள் ரெடியா?” என்று டிரைவர் எட்டிப்பார்த்தார். “முரண்டு பண்ணினா சொல்லுங்க, தூக்கிடலாம்.”

“எங்க அண்ணன் மேல கை வெச்சுப் பாரு!” அப்பா கதவை மறித்து நின்றார். “அவர் எங்கேயும் வரல. நீங்க போங்க.”

பெரியப்பா கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டையோடு, கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அப்பா அவர் எதிரே மண்டியிட்டு, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார்:

“அண்ணே, மன்னிச்சிடுங்க.”

பெரியப்பா அவரையே பார்த்தார். பிறகு எறும்பைப் பார்த்தார்.

“என்ன சொன்னே?” என்று கேட்டார் கடைசியில். “சரியா விழல. இன்னொரு தடவை சொல்லு.”

“மன்னிச்சிடுங்க, அண்ணே!” அப்பா போட்ட சத்தம் தெருக்கோடி வரை கேட்டது.

பெரியப்பா எறும்பைப் பார்த்துக் கண்ணடித்தார்.

“முதல் தடவையே உதட்டைப் பார்த்துப் புரிஞ்சுக்கிட்டேன். ரெண்டாவது தடவை ஒரு ஆசைக்கு!”