சீட்ல ஆள் இருக்கு

புல்லுக்குள் கிடந்த கல்லை எடுத்தெறிய அவள் வண்டியைவிட்டு இறங்கினாள். என்ஜின் நிற்கவில்லை.

நின்றிருக்க வேண்டும். புல்வெட்டும் அந்த வண்டியின் சீட்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச் உண்டு. ஆள் எழுந்தால் என்ஜினும் அடியில் சுழலும் பிளேடும் நின்றுவிடும். வேலைக்கு வந்த முதல் நாளே அவள் குனிந்து பார்த்தது அதைத்தான். யாரோ அதை ஒயரால் கட்டிப்போட்டிருந்தார்கள். கட்டை அறுத்துக் குப்பையில் வீசிவிட்டுத்தான் சாவியைத் தொட்டாள். இறங்கி ஏறும்போதெல்லாம் வண்டி நின்றால் வேலை எப்போது முடியும் என்று சூப்பர்வைசர் கேட்டதற்கு, முடியும்போது முடியும் என்றாள்.

அவளுக்கு முன்னால் அந்த வண்டியை ஓட்டியவன் அவளுடைய அண்ணன். கல்லூரி வளாகத்தின் பின்புறம் குளத்தை நோக்கி இறங்கும் சரிவில், மழை விட்ட கையோடு வண்டி வழுக்கிக் கவிழ, அதன் அடியில் தண்ணீருக்குள் கிடந்து செத்தான். கவனக்குறைவு என்று சொல்லி முடித்துவிட்டார்கள். ஈரச் சரிவில் அவனாக வண்டியை இறக்கியிருக்க மாட்டான் என்பது அவளுக்குத் தெரியும். அதே வேலையை அவள் கேட்டு வாங்கியதிலிருந்து அண்ணி அவளோடு பேசுவதில்லை.

‘ஸ்பேனர்’ என்று எல்லோரும் கூப்பிடும் மெக்கானிக் வந்து சீட்டைக் கழற்றிப் பார்த்தார். விரலால் சுவிட்சை அழுத்தினால் வண்டி ஓடியது, விரலை எடுத்தால் நின்றது. ஒரு கோளாறும் இல்லை.

“சுவிட்ச் பொய் சொல்லாது தங்கச்சி. சீட்ல ஆள் இருக்குன்னு சொல்லுது, அவ்வளவுதான்” என்றார். பஸ்ஸில் இடம் பிடித்து வைத்திருப்பவரின் குரலில் சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொண்டார்.

அவளும் சிரிக்கப் பார்த்தாள். ஆனால் அவர் போன பிறகு, வெட்டிய புல்லின் பச்சை வாசனையும் பெட்ரோல் நெடியும் கலந்து தேங்கி நின்ற அந்தக் கொட்டகையில், மாட்டி முடித்த சீட்டின் கறுப்பு ரெக்ஸின் மெதுவாக, காற்று வெளியேறும் சத்தத்தோடு அமுங்கி, அடியிலிருந்த ஸ்பிரிங் கிறீச்சிட்டு அடங்குவதை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அதன் பிறகு அந்த சீட்டில் அவளுக்குப் பாதி இடம்தான் கிடைத்தது. எவ்வளவு நகர்ந்து உட்கார்ந்தாலும் ஒரு தொடை வெளியே தொங்கியது. காதுக் கவசத்தை மாட்டி என்ஜின் சத்தம் தூரத்தில் முனகலாகத் தேய்ந்ததும், கவசத்துக்கு உள்ளே, பிடரிக்குப் பக்கத்தில், தண்ணீரில் மூழ்கி எழுந்தவனைப்போல யாரோ இழுத்து இழுத்து மூச்சு விடுவது கேட்டது. குளத்துச் சேற்றின் வாடை அடித்தது. முதுகில் சட்டை நனைந்தது.

வேறு யாராக இருந்தாலும் அன்றைக்கே வேலையை விட்டிருப்பார்கள். அவளுக்குப் பயம் தலைக்கேறும்போது கோபமும் கூடவே ஏறும்.

“யாரா இருந்தாலும் தள்ளி உக்காரு” என்றாள். “இது என் வேலை. நான் போறதா இல்ல.”

மூச்சு ஒரு கணம் நின்றது. பிறகு தொடர்ந்தது.

மழை பிடித்துக்கொண்டது. பெய்து ஓய்ந்த ஒரு பிற்பகல், வானம் இன்னும் கறுத்துக் கிடக்கையில், சரிவின் தலைமாட்டில் வெட்டிக்கொண்டிருந்த அவளிடம் சூப்பர்வைசர் குடையோடு வந்தார். மறுநாள் பெரிய மனிதர்கள் வருகிறார்களாம். குளக்கரை காடு மாதிரி கிடக்கிறதாம். இருட்டுவதற்குள் வெட்டிவிட வேண்டுமாம்.

அவள் என்ஜினை அணைத்தாள். பிரேக்கை இழுத்துப் பூட்டினாள். சாவியை உருவிக் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

“ஈரம் காயாம இதுல வண்டி இறங்காது சார்.”

“உங்க அண்ணன் இப்படியெல்லாம் எதிர்த்துப் பேசமாட்டான்.”

“அதனாலதான் சார் அவன் இல்ல.”

அவர் முகம் சிவந்தது. பொம்பளைக்கு இவ்வளவு வாயா என்று முனகிக்கொண்டே, தானே ஓட்டிக்காட்டுவதாகச் சொல்லி வண்டியில் ஏறி உட்கார்ந்து, சாவிக்காகக் கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

நீட்டிய கை அப்படியே நின்றது.

“யாரு?” என்றார். அவளைப் பார்த்து இல்லை.

எழப் பார்த்தார். முடியவில்லை. அவருடைய வயிற்றின் குறுக்கே, சட்டை இரண்டு பட்டையாக உள்ளே அமுங்கியது. பின்னாலிருந்து யாரோ இரண்டு கைகளையும் கோத்து இறுக்கிக் கட்டியதைப்போல.

பிரேக் டக்கென்று விடுபட்டது. அதை யாரும் தொடவில்லை.

“நான்தான் போகச் சொன்னேன்.” அவர் குரல் உடைந்தது. “மழையில நான்தான் ஏத்துனேன். விட்டுடு.”

பட்டை இன்னும் இறுகியது.

வண்டி நகர்ந்தது. என்ஜின் சத்தம் இல்லை. ஈரப் புல்மேல் டயர் உருளும் சத்தம் மட்டும்.

ஓடிப் போய்விடலாம். யாரும் அவளைக் குறை சொல்ல மாட்டார்கள். அண்ணன் கேட்ட நியாயம் இதுதானோ என்னவோ. ஆனால் அவள் கால்கள் சரிவில் இறங்கி, வண்டிக்கும் குளத்துக்கும் நடுவில் போய் நின்றன. இரண்டு உள்ளங்கைகளையும் வண்டியின் மூக்கில் ஊன்றினாள்.

“அண்ணா. போதும். இறங்கு.”

நிற்கவில்லை.

“இன்னொரு ஆள இதுல விடமாட்டேன். அது யாரா இருந்தாலும் சரி.”

குதிகால் சேற்றை உழுதது. முதுகுக்குப் பின்னால் தண்ணீரின் குளிர்.

அண்ணனாக இருந்தால் நின்றிருப்பான்.

இது அவன் இல்லை என்றால் யார் என்று அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது. கையை எடுக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

சூப்பர்வைசரின் வலது தோளில், சட்டைத் துணி மெல்லக் குழிந்தது. பின்னால் உட்கார்ந்திருப்பது, அவளை நன்றாகப் பார்ப்பதற்காக, அங்கே மோவாயை ஊன்றியது.