மாவுமில்காரரின் மருமகள்

காலை 8.55.

சைரா கத்தியின் நுனியை நூலக அறைக் கதவின் முத்திரை நூலுக்கு அடியில் விட்டு ஒரே இழுப்பில் அறுத்தாள். பின்னால் கூட்டம் நெருக்கியது.

"அவ பையைக் கொட்டச் சொல்லுங்க. கடிதத்தை ரொட்டிக்குள்ள மடிச்சு வெச்சிருப்பா," என்றார் கடைக்காரர் சதீக்.

"கொட்டிக்குங்க. ஆளுக்கொரு துண்டு தின்னுட்டுப் போங்க," என்றாள் நுரிலா. நூலகத்தைப் பெருக்குகிறவள். துடைப்பத்தை இன்னும் கீழே வைக்கவில்லை.

போலீஸ் கேப்டன் சைரா திரும்பிப் பார்க்கவில்லை. கதவுச் சட்டத்தில் ஒட்டியிருந்த மெழுகுக்களி முத்திரையை இழுத்தாள். சிரமமே இல்லாமல் முழுசாகக் கழன்று வந்தது. முன்பக்கத்தில் பித்தளை அச்சின் பதிவு சிதையாமல் இருந்தது. பின்பக்கத்தில் மெல்லிய பனித்தகடு. அதை உறையில் போட்டுக்கொண்டாள்.

உள்ளே கண்ணாடிப் பெட்டி காலி. ஜன்னல் கம்பிகளில் படிந்திருந்த பனியில் ஒரு கீறல்கூட இல்லை.

பதினோரு மணிக்கு அந்த அறையில் கண்காட்சி. எசென் வாத்தியார் பதினோரு வருஷம் வீடு வீடாக அலைந்து சேர்த்தது: ஆடு மேய்த்தவர், பிரசவம் பார்த்தவள், லாடம் அடித்தவர் என்று எந்த வரலாற்றிலும் பேர் வராதவர்களின் வாழ்க்கை. அதில் ஊரே பார்க்கக் காத்திருந்தது ஒரு கடிதத்தை. 1938-இல் மாவுமில்காரர் சபரைச் சிறைக்கு அனுப்பிய புகார். கையெழுத்து, அவருடைய மருமகள் அயிம்கான். சபர் திரும்பி வரவே இல்லை.

அயிம்கான், நுரிலாவின் புருஷனுக்குப் பாட்டி. போன மாதம் அந்தக் கடிதத்தின் படத்தோடு வாத்தியாரின் சிறு புத்தகம் வெளிவந்தது. அந்த வாரமே நுரிலா மகனின் கல்யாணம் நின்றது. நிச்சயத்தன்று பெண்ணின் காதில் நுரிலா போட்டிருந்த தோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தவள் பெண்ணின் அத்தை. சைராதான் அது. "மாமனாரைக் காட்டிக்கொடுத்த வீடு," என்று முகத்துக்கு நேரே சொன்னாள். நுரிலா ஊற்றி வைத்த தேநீரைத் தொடாமல் எழுந்தாள். அந்தக் கிண்ணம் இன்னும் சைராவின் கண்ணை விட்டுப் போகவில்லை.

9.10. பக்கத்து அறையில் சைரா கதவைச் சாத்தினாள். உள்ளே நுரிலா, வாத்தியார், அவள்.

"எத்தனை மணிக்கு வந்தே?"

"எட்டுக்கு, கேப்டனம்மா." போன மாதம் வரை சம்பந்தியம்மா.

"சார், நீங்க?"

"எட்டரைக்கு. கதவுக் கண்ணாடி வழியா பார்த்தேன், பெட்டி காலி. உடனே போன் பண்ணேன்."

"முத்திரை?"

"நேத்து சாயங்காலம் ஆறு மணிக்கு வெச்சது. தாழ்வாரத்து அடுப்பு எரிஞ்சிட்டிருந்தது. அப்புறம் தொடவே இல்ல."

"அச்சு?"

"என் சாவிக்கொத்துலதான் இருக்கு."

சைரா படிவத்தைத் திருப்பினாள். "நுரிலா, வீடு யார் பேர்ல இருக்கு?"

"மாமனார் பேர்ல."

"பேரைச் சொல்லு."

நுரிலா வாத்தியாரைப் பார்த்தாள். "ஓசோர்," என்றார் அவர்.

"ஏன், நீ சொன்னா வாய் வெந்துடுமா?"

"செத்துட்டா மாமனார் இல்லேன்னு ஆயிடுமா? எங்க வீட்ல எந்த மருமகளும் சொன்னதில்ல. ஏன், நீங்க உங்க மாமனார் பேரைச் சொல்லுவீங்களா?"

சைராவின் பேனா நின்றது. இருபது வருஷமாக அவளுக்கும் மாமனார் 'பெரியவர்'தான்.

மேஜையில் கிடந்த சிறு புத்தகத்தை எடுத்துக் கடிதத்தின் படத்தைப் படித்தாள். இரண்டாம் முறை விரலை வைத்து எண்ணினாள்.

"நுரிலா அக்கா, கொஞ்சம் வெளிய இருங்க."

'அக்கா' என்றதைக் கேட்டு நுரிலா ஒரு கணம் நின்றாள். பிறகு போனாள்.

9.25.

"சார், அடுப்பு எரியறப்போ காஞ்ச மரத்துல ஒட்டின களி, சுரண்டினாலும் வராது. பனி பிடிச்சா அதுக்கு மேல பிடிக்கும். இதுல அடியில இருக்கு. அப்போ, ராத்திரி அடுப்பு அணைஞ்சு பனி படிஞ்ச சட்டத்து மேல யாரோ புதுசா ஒட்டியிருக்காங்க. அச்சு உங்களது."

வாத்தியார் தொப்பியைக் கழற்றினார்.

"'இதை என் கைப்பட எழுதுகிறேன்'னு ஆரம்பிக்குது கடிதம். 'சபர் கோதுமையை ஒளித்தார். சபர் அரசை ஏசினார்.' சபர், சபர்னு ஒன்பது தடவை. எந்த மருமகள் எழுதுவா? அயிம்கான் எழுதல. இது உங்களுக்கும் தெரிஞ்சு போச்சு. அதான் எடுத்தீங்க."

கோட்டின் உள்பையிலிருந்து கடிதம் வந்தது.

"இத்தனை மருமகளுங்க கதையைக் கேட்டு எழுதினவன் நான்," என்றார். "காட்டிக்கொடுத்தவ கிடைச்சுட்டா, கிடைச்சுட்டான்னு சந்தோஷத்துல படிச்சேன். ஒன்பதும் கண்ணுல படல. நேத்துதான் பட்டுது. காலைல ஆறரைக்கு வந்தேன். முத்திரை முழுசா இருந்தா யார் மேலயும் பழி வராதுன்னு நினைச்சேன்."

"அவங்க மேல வந்துச்சே. துடைப்பத்தோட நின்னாங்க. பார்த்துக்கிட்டுதானே இருந்தீங்க?"

"வாயைத் திறந்தா அடுத்த கேள்வி வருமே. அப்போ யார் எழுதினதுன்னு."

"யார்?"

தயங்கித் தயங்கி ஒரு பழைய பதிவேட்டை அவள் முன் வைத்தார். ஊராட்சியின் பிறப்புக் கணக்கு, அதே வருஷம். கடிதத்தைப் பக்கத்தில் விரித்தார். அதே கை. பதிவேட்டின் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரே கையெழுத்து.

சைரா அதைப் பார்த்தாள். அந்தப் பேர் மேல் விரல் நின்றது.

"ஒரு குடும்பத்தைக் கெடுத்துட்டேன். இன்னொண்ணு வேணாம்னு பார்த்தேன்," என்றார் வாத்தியார். "அதோ அடுப்பு எரியுது. நீங்க போட்டுட்டா நான் பார்க்கல."

9.40. கதவு திறந்தது. சைராவின் கையில் கடிதமும் பதிவேடும் இருந்தன.

"கிடைச்சுதா? ரொட்டிக்குள்ளதானே?" என்றார் சதீக்.

"சும்மா இருய்யா." அவள் நேராக நுரிலாவின் முன் போய் நின்றாள். கூட்டம் முழுவதற்கும் கேட்கிற குரலில் சொன்னாள்: "உங்க வீட்டுப் பாட்டி இதை எழுதல. அவங்க பேரை வெச்சு வேற ஒருத்தர் எழுதியிருக்கார். துலேபெர்தி. அப்போ ஊராட்சி எழுத்தர். சபர் போனதும் மாவுமில்லை எடுத்துக்கிட்டவர்."

மூச்சு வாங்கிக்கொண்டாள்.

"எங்கப்பாவைப் பெத்தவர்."