என் குரலில் இன்னொருத்தி

காய்கறிக் கடையில் நான் ஆண் குரலில்தான் பேசுவேன். கழுத்துப்பட்டையில் ஒரு பொத்தான் இருக்கிறது; அதை அமுக்கினால் நான் பேசுவது நடுத்தர வயது ஆள் பேசுவதுபோல வெளியே வரும். கடைக்காரருக்குப் பழகிவிட்டது. போன மாதம் ஒருநாள் பட்டைக்குச் சார்ஜ் போட மறந்து, முருங்கைக்காய் பிஞ்சாக இருக்கிறதா என்று சொந்தக் குரலில் கேட்டுத் தொலைத்தேன். பக்கத்தில் நின்ற இரண்டு பிள்ளைகள் சட்டென்று நிமிர்ந்து, தொடையில் தாளம் போட்டு, ஸரிகம பாட ஆரம்பித்துவிட்டன. அவர்களுடைய அம்மா என்னை முறைத்த முறைப்பு இருக்கிறதே, ஏதோ நான் பிள்ளை பிடிக்க வந்தவள் மாதிரி.

என் பெயர் சிந்துஜா. பாட்டு டீச்சராக இருந்தவள். பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு குழு பள்ளிக்கு வந்து, இசை ஆசிரியர்களுக்குத் துணையாக ஒரு கருவி செய்கிறோம், உங்கள் குரல் வேண்டும் என்றது. நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்தியவளுக்கு அது வரமாகத்தானே தெரியும்? மூன்று நாள் உட்கார்ந்து பேசியும் பாடியும் கொடுத்தேன். அப்படிப் பிறந்ததுதான் குரலாசான். துணைக்கு வந்தது இரண்டே வருடத்தில் எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. இன்று ஆறு வயதான ஒவ்வொரு பிள்ளையும் தினம் ஒரு மணி நேரம் பாட்டறையில் தனியாக உட்கார்ந்து அதனிடம்தான் படிக்கிறது. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே ஆசிரியர் என்பது சட்டம். ஆகவே எல்லாப் பிள்ளைக்கும் என் குரல்.

என் மகள் நறுமுகைக்குப் போன வாரம் ஆறு வயது முடிந்தது. திங்கட்கிழமை முதல் வகுப்பு. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்தேன், கதவைப் பூட்டினேனா என்று மூன்று முறை திரும்பி வந்தேன். நான் சாப்பிடக் கூப்பிட்டால் இவளும் நிமிர்ந்து உட்கார்ந்து பாட ஆரம்பித்துவிட்டால்? ஊர்ப் பிள்ளைகளுக்கு நான் கருவியாக இருந்துவிட்டுப் போகிறேன். பெற்ற மகளுக்குமா?

பாட்டறைகளுக்குப் பொறுப்பான அதிகாரி கதிரேசனைப் போய்ப் பார்த்தேன். அவளுக்கு மட்டும் வேறு குரல் வையுங்கள், எந்தக் குரலானாலும் சரி என்று கெஞ்சினேன். டீ வரவழைத்துக் கொடுத்தார், பிடி மட்டும் கொடுக்கவில்லை.

"உங்க பொண்ணுக்கு மாத்தினா நாளைக்கு ஆளாளுக்குக் கேப்பாங்க மேடம். ஊரே விரும்புற குரலை நீங்களே வேணாங்கலாமா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. மேசையைத் தட்டி நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் எழுந்தேன். கோபம் எனக்கு மூக்குக்கு மேலே; வீட்டில் அதை அதிகம் வாங்கிக் கட்டிக்கொள்பவள் நறுமுகைதான்.

திங்கட்கிழமை பள்ளி வாசலிலிருந்து வீடு வரும்வரை நான் வாயே திறக்கவில்லை. உள்ளே வந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, என்ன பாடினாய் என்று கேட்டேன். அவள் நிமிரவில்லை, தாளம் போடவில்லை. "எல்லாரும் பாடுவாங்களே, அதேதான், ஸரிகம" என்றபடி பால் டம்ளரை எடுத்தாள். அப்பாடா என்று இருந்தது. அந்த நேரம் பார்த்து டம்ளர் அவள் கையிலிருந்து நழுவி, பால் தரையெல்லாம் ஓடியது.

"கை என்ன உனக்கு, ஒரு எடத்துல நிக்காதா?" என்று கத்திவிட்டேன்.

அவள் அழவில்லை. என்னையே பார்த்தாள்.

"அங்க நீ இப்டி இல்லம்மா."

"எங்க?"

"பாட்டறைல. பதினேழு தடவ தப்பாப் பாடினேன். நீ திட்டவே இல்ல."

குரல் கொடுத்த அந்த மூன்று நாளும் எத்தனை முறை எரிந்து விழுந்தேன் என்று எனக்குத்தான் தெரியும். அதையெல்லாம் வெட்டி எறியச் சொன்னதும் நானேதான். என் சலிப்பையும் கோபத்தையும் நீக்கிவிட்டு, மிச்சம் இருந்ததை ஊருக்குக் கொடுத்தார்கள். நீக்கியது வீட்டில் கிடக்கிறது. இதை ஆறு வயசுக்கு எப்படிச் சொல்வது? அது மிஷின்டி என்று மட்டும் சொன்னேன்.

"உன் குரல்தானே?"

ஆமாம் என்றேன்.

"அப்போ அது மாதிரி சொல்லு. பரவால்ல கண்ணுன்னு சொல்லு."

துணியோடு பாலின் பக்கத்தில் மண்டியிட்டுச் சொன்னேன். கடுகடுவென்று வந்தது. இன்னொரு முறை சொன்னேன், கெஞ்சுவதுபோல வந்தது. நறுமுகை இல்லை என்று தலையசைத்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை, துளி சலிப்பும் இல்லை.

"பரவால்ல கண்ணு" என்றாள். "மறுபடி சொல்லு."